மிக்ஸரில் ஏறாத தவில்

உச்சிமாகாளி, ஊர்க் கோயில் கொடை விழாக்களில் தவில் அடித்து வளர்ந்தவன். கித்தாரும் டிரம்ஸும் வைத்த ஒரு பேண்டோடு அவன் முதன்முதலாக மேடை ஏறியது கழக்கூட்டம் என்ற ஊரில், ஐடி கம்பெனிக்காரர்களின் ஓண விழாவில். அதைப் பார்க்க அவன் மனைவி முத்தாரம்மாளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஏழாம் மாசம். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"ரெக்கார்டு வரும். ஒரு அடி விடாம கேக்கலாம்," என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவன் போனான்.

மறுநாள் மத்தியானம் சவுண்டு பார்க்கிற மலையாளிப் பையன் சுஜித் அதை அனுப்பி வைத்தான். சாலைக் கடைத்தெருவில் அரிசிக் கடைக்கு மேலே அவர்களுடைய ஒற்றை அறை. கட்டிலில் போனை வைத்துப் போட்டார்கள். பாடகி ரேஷ்மி மூச்சு வாங்குவதுகூடத் துல்லியமாகக் கேட்டது. தவில் மட்டும் அடுத்த தெருவில் யாரோ கதவைத் தட்டுவதுபோல் லேசாக வந்து போனது.

முத்தாரம்மாள் போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். அதுதான் அவனை இன்னும் வாட்டியது. இப்படி ஓரங்கட்டிவிட்டார்களே என்று சுஜித்தைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணா, கோவப்படாதீங்க. அது குட்டி ஹால், கேட்டோ. உங்க தவில் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் போச்சு. சவுண்டு மிக்ஸர்லயும் ஏத்தியிருந்தா ரேஷ்மி சேச்சி பாட்டு எங்க கேக்கும்? அவங்க குரலைத்தான் தூக்கிவிட்டேன். மிக்ஸர்ல ஏத்துனது மட்டும்தான் ரெக்கார்டிங்ல வரும். டிரம்ஸ் அடிக்கிற அனீஷும் இதுக்காக இப்பத்தான் சண்டை போட்டுட்டு போனை வச்சான்."

விஷயம் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? அவன் தவிலை அவள் கேட்கவில்லையே.

முத்தாரம்மாள் போனை வாங்கிப் பாட்டை முதலிலிருந்து போட்டாள்.

"பாட்டுல உங்களுக்குன்னு எடம் விட்டுல்லா வச்சிருக்கு. தவில எடுங்க."

"இங்கயா? கீழ கடையில ஆள் இருக்கு."

"அவங்ககிட்ட நான் பேசிக்கிடுதேன். எடுங்க."

விரல்களில் உறைபோன்ற கூடுகளை மாட்டி, தவிலை மடியில் வைத்துப் பாட்டோடு சேர்ந்துகொண்டான். முதலில் கூசிக் கூசித்தான் அடித்தான். இரண்டாவது சரணத்தில் தன்னை மறந்துவிட்டான். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. கீழே மூட்டை இறக்கும் சத்தம் நின்றது. சட்டென்று பயந்து கையை நிறுத்தினான்.

முத்தாரம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சுஜித்து சொன்னது சரிதான். அந்தப் பிள்ளை பாடுனது ஒரு சொல்லு கேக்கல்ல."

போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"நீங்க அடிங்க."