ஏகாதசி மயக்கம்

ஏகாதசியன்று பள்ளி மைதானத்தில் ஓடும்போது ஜாஹ்னவி மயங்கி விழுந்தாள். வீட்டில் யாரும் பெரிதாகப் பதறவில்லை. "பதினாறு வயசுக் குழந்தைக்கு நிர்ஜல உபவாசம் கேக்கறதாக்கும்!" என்று அம்மா மட்டும் பொரிந்தாள். அப்பா அனந்தபத்மநாபனுக்கோ உள்ளூரப் பெருமை. சாயங்காலம் சித்திரை வீதியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "எங்காத்துப் பொண்ணு பச்சைத் தண்ணி தொடலை ஓய்!" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அவள் உபவாசமே இருக்கவில்லை. இடைவேளையில் தோழி இன்ஷாவின் டப்பாவைத் திறந்து, இடியாப்பத்தையும் தேங்காய்ப்பாலையும் வழித்துச் சாப்பிட்டிருந்தாள்.

இரவு தூக்கம் வரவில்லை. போர்வைக்குள் போனை வைத்துக் கிசுகிசுத்தாள்.

"இன்ஷா, பயமா இருக்குடி."

"இடியாப்பத்துக்கா? உங்க பெருமாள் அதுக்கெல்லாம் கண்ணைக் குத்த மாட்டாருடி."

"அதில்லடி. ஜகன்னாத் அண்ணா."

இன்ஷாவின் சிரிப்பு நின்றது.

ஜகன்னாத் பெரியப்பாவின் மகன். போன ஆடியில் கல்லூரியில் கால்பந்து விளையாடும்போது சரிந்தவன் எழவேயில்லை. பத்தொன்பது வயது. கண் பட்டுவிட்டது என்றார்கள். தில்லை நகர் ஆஸ்பத்திரியில் டாக்டர் வேறு மாதிரி கேட்டார்: "இதுக்கு முன்னாடி ஓடும்போது மயங்கி விழுந்திருக்கானா?" பெரியம்மா, "ஒரு தரம்... ஏகாதசியாச்சேன்னு விட்டுட்டோம்" என்று அழுதாள். சில இதயக் கோளாறுகள் குடும்பத்திலேயே ஓடும், வெளியே தெரியாது, எல்லாரும் ஈசிஜியும் எக்கோவும் எடுத்துவிடுங்கள் என்று அவர் சொன்னதை ஜாஹ்னவி பக்கத்தில் நின்று கேட்டாள். முதல் வருஷத் திதி, வருஷாப்திகம் ஆகட்டும் என்று அப்பா தள்ளிப்போட்டார்.

"உங்கப்பாட்ட சொல்லு."

"கொன்னுடுவார்டி."

"திட்டுவாரு. அவ்ளோதானே? ஐயோ, உம்மா வர்றாங்க, வைக்கிறேன்."

திரை அணைந்தது. எல்லாரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் தூங்கினார்கள். ஆனாலும் அவளை மட்டும் விட்டுவிட்டு வீடே எங்கோ போய்விட்டது போலிருந்தது. நெஞ்சில் கையை வைத்தாள். துடிப்பு சரியாகத்தான் இருக்கிறதா? கையை எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

எழுந்துபோய் அப்பாவின் தோளைத் தொட்டாள்.

"என்னம்மா, மறுபடியும் தலை சுத்தறதா?"

"அப்பா... நான் சாப்ட்டேன்பா. இன்ஷா டப்பாலேர்ந்து. வயிறு முட்ட."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "ஏகாதசியும் அதுவுமா இன்னொருத்தராத்து..." என்று ஆரம்பித்த குரல் பாதியில் நின்றது.

"அப்போ நீ பசில விழலையா?"

"இல்லப்பா. ஓடிண்டே இருந்தேன். திடீர்னு ஒண்ணும் தெரியலை. ஜகன்னாத் அண்ணாவும் முதல்ல அப்படித்தானே..."

இருட்டில் அப்பாவின் முகம் தெரியவில்லை.

"விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போறோம்," என்றார் கடைசியில். "நீ ஓடப்படாது. மாடிப்படி கூட ஏறாதே."

"கார்த்தால உங்களுக்கு விரதம் முடிக்கற பாரணை இருக்கேப்பா. நீங்க இன்னும் ஒண்ணும் சாப்பிடலையே."

"பாரணையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நானும் ஈசிஜி எடுத்துக்கணுமே." சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "நீ போய்ப் படுத்துக்கோ. நான் முழிச்சிண்டிருக்கேன்."