கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது

அக்காவின் சலவைக்கடைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு அந்த உருண்டை விழுந்தபோது, அத்தான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அண்டா அளவு உலோகத் தொட்டி. ஏதோ ராக்கெட்டிலிருந்து கழன்றது. பெரிய சலவை இயந்திரம் நொறுங்கியது. தெறித்த தகடு அத்தானின் தோளெலும்பை உடைத்தது.

தங்கை வெளியுறவு அமைச்சகத்தில் சட்ட அதிகாரி. விண்வெளிச் சட்டம் படித்தவள். "நிலாவுல வேலித் தகராறு வந்தா இவகிட்டதான் போகணும்" என்று அத்தான் கேலி செய்வார். இப்போது கைக்கட்டோடு அவளையே நம்பிப் பார்த்தார்.

"கவலைப்படாதீங்க அத்தான். மேலேருந்து விழுந்து இங்க சேதமாச்சுன்னா, அனுப்பின நாடுதான் பொறுப்பு. அவங்க மேல தப்புன்னு நிரூபிக்கக்கூட வேணாம்."

"அப்ப நஷ்டஈட்டை நானே அவங்ககிட்ட கேக்கட்டுமா?" என்றாள் அக்கா.

"அந்த ஒப்பந்தப்படி நீ கேக்க முடியாதுக்கா. உனக்காக நம்ம அரசாங்கம்தான் கேக்கணும்."

அமைச்சகத்தில் அவளுடைய மேலதிகாரியான டைரக்டர், அவள் நீட்டிய கோப்பைத் திறக்கவே இல்லை.

"ராக்கெட் விட்ட அந்த நாட்டோட துறைமுகப் பேச்சு நடந்துட்டிருக்கு. நடுவுல போய் சலவைக்கடைங்கறீங்களே! அதுவும் சொந்த அக்கா கடை."

அதோடு விட்டாரா? அந்த நாட்டுத் தூதரகம் உருண்டையைத் திருப்பிக் கேட்கிறதாம். எங்கே விழுந்தாலும் அது அனுப்பியவர்களுக்கே சொந்தம், அதுவும் சட்டம்தான். "நீங்களே வாங்கிக் குடுத்துடுங்க."

தங்கை கடைக்கு வந்து சொன்னதும், அக்கா உருண்டைமேல் அழுக்குத்துணி மூட்டையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"உடைஞ்சது எங்களோடது, உடைச்சது மட்டும் அவங்களோடதா? இதைச் சொல்லத்தான் அவ்வளவு படிச்சியா?"

தங்கைக்குச் சுருக்கென்றது. பஸ்ஸில் திரும்பும்போது ஒரு விதி மனதில் பொறி தட்டியது. பொருளைத் திரும்பப் பெறுமுன், நம் அரசு கேட்டால், அவர்கள் அடையாள விவரம் தந்தாக வேண்டும். தந்தால் தங்களுடையதென்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. டைரக்டர் பல்லைக் கடித்தார். ஆனால் மறுக்க வழியில்லை. கேள்வி தூதரகத்துக்குப் போனது.

வெகுநாள் இழுத்தடித்தபின் பதில் வந்தது. மீண்டும் பரிசீலித்ததில், அந்தப் பொருள் தங்களுடையது அல்லவாம்.

"அப்ப யாரோடதுடி?"

"தெரியலக்கா. தெரியற வரைக்கும் யார்கிட்டயும் கேக்க முடியாது. தூக்கியும் போட்டுடாத. அதான் நமக்குச் சாட்சி."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னிக்குக் குடுத்துடுன்ன. இன்னிக்கு வெச்சுக்கோங்கற. இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு, எங்க வெச்சு நான் துணி துவைக்க?"

எந்த நாட்டுடையதென்று கண்டுபிடிக்க, தங்கை உலோகத்தைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாள். டைரக்டர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நாளைக்கும் போய் நிற்க வேண்டும். நாளைக்கும் அவர், "பாக்கலாம்" என்பார்.

மழை பிடித்துக்கொண்டது. ஓட்டைமேல் கட்டியிருந்த தார்ப்பாய் ஒழுகத் தொடங்கியதும், அத்தான் துவைத்த போர்வையை ஒற்றைக் கையால் இழுத்தார். தங்கை கைப்பையை வீசிவிட்டு ஓடி மறுமுனையைப் பிடித்தாள்.

"பாத்து. போர்வை, நனைஞ்சா கனக்கும்" என்றாள் அக்கா, தங்கையின் முகத்தைப் பார்க்காமலே.