ஆவாரங்களத்துத் திடல் குறித்து ஒரு துணைக்கேள்வி

சட்டமன்ற உறுப்பினர் அறிவுச்செல்வி அந்தக் கூட்டத்தொடருக்கு மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்திருந்தாள். ஒயிலாட்டக்காரர்களுக்கு அடையாள அட்டை எப்போது வரும் என்பது ஒன்று. ஊர்ப்புற நூலகங்களுக்குக் கொடுத்த இணைய இணைப்புக் கருவி ஏன் பிரிக்காத அட்டைப்பெட்டியிலேயே தூங்குகிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்துவிட்டது. அரசாங்கம் ஒன்றைப் பரிசீலிக்க ஆரம்பித்தால் பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் பார்க்கலாம் என்பது அவளுக்கு இந்த நாலு வருடத்தில் நன்றாகவே புரிந்திருந்தது.

மூன்றாவது கேள்விதான் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்லும் பட்டியலில் ஏறியது. ஆவாரங்களத்தில் பெண்கள் கபடி ஆட ஒரு திடல் அமைத்துத் தர அரசு முன்வருமா?

ஆவாரங்களம் அவள் தொகுதியில், ரெட்டியார்சத்திரத்துக்கு மேற்கே உள்ள சின்ன ஊர். ஊர்க் கடைசியில் ஒன்றரை ஏக்கர் புறம்போக்கு. கௌசல்யா என்ற கல்லூரிப் பெண்ணும் அவள் சேர்த்த பதினோரு பேரும் அங்கே சீமைக்கருவேலத்தை வெட்டி, மண்ணைக் கொத்திப் புழுதியாக்கி, தினமும் சாயங்காலம் ஆடுகிறார்கள். அந்த மண்ணில் முன்பு உருண்டவர்களில் இரண்டு பேர் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போய்விட்டார்கள். அதைப் பார்த்துத்தான் மற்ற வீட்டு அப்பாமார்கள் வாயை மூடிக்கொண்டு பிள்ளைகளை அனுப்பிவைக்கிறார்கள். பஸ் ஏறித் திண்டுக்கல் போய்த்தான் ஆட வேண்டும் என்று ஆகிவிட்டால், அடுத்த வாரமே பன்னிரண்டு பேரையும் வீட்டில் உட்காரவைத்துவிடுவார்கள்.

கேள்வி வருகிற அன்று காலை, சென்னையில் உறுப்பினர்கள் விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் கொறடா முத்துக்கிருஷ்ணன் அவள் எதிரே வந்து உட்கார்ந்தார். ஆளுங்கட்சிக் கொறடா. அவளும் அதே கட்சி. சோழவந்தான்காரர், நாலு முறை ஜெயித்தவர், அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

“தங்கச்சி, ஒன் கேள்விக்கு அமைச்சர் பதில் ரெடி. திடல் போன வருசமே கட்டியாச்சாம். இணையத்துல முன்பதிவு பண்ணி ஆடுறாகளாம்.”

அவள் இட்லியைப் பிட்ட கையோடு நிமிர்ந்தாள். “எந்தத் திடல்ணே?”

“அத நீ கேக்கக் கூடாதுன்னு சொல்லத்தான் வந்தேன். ஒன் பேரக் கூப்புடுறப்ப செத்த நேரம் வெளிய போயி டீ குடிச்சிட்டு வா. ஆள் இல்லைன்னா பதில மேசையில வச்சிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருவாக. தேர்தலுக்கு எட்டு மாசந்தான் இருக்கு. சீட்டுப் பட்டியல்ல ஒன் பேரு மேல இருக்கு. அத நீயே கெடுத்துக்கிறாத.”

சொல்லிவிட்டு அவள் தட்டிலிருந்தே ஒரு வடையை எடுத்துக்கொண்டு போனார். கெட்டவர் இல்லை. கட்சி சொன்னதைச் சொன்னார், அவ்வளவுதான்.

அவளுடைய உதவியாளர் ஸ்டான்லி அதற்குள் கைபேசியில் அந்த இணையதளத்தைத் திறந்துவிட்டான். ஆவாரங்களம் மகளிர் விளையாட்டுத் திடல், நிலை: செயல்பாட்டில் உள்ளது. முன்பதிவு செய்யப் போனால், ஆறு மாதத்துக்கு எல்லா நேரமும் நிரம்பிவிட்டது என்று வந்தது. அதிகாலை நாலு மணி கூட நிரம்பியிருந்தது.

“யாருக்கா அந்த நேரத்துல போயி ஆடுறது?” என்றான் ஸ்டான்லி.

அவள் சிரிக்கவில்லை. கௌசல்யாவைப் போனில் கூப்பிட்டாள்.

“நானே பேசணும்னு இருந்தேன்க்கா,” என்றாள் கௌசல்யா. “நம்ம எடத்த ஏதோ கிடங்கு கட்டுற கம்பெனிக்குக் குடுத்துட்டாகளாம். விஏஓ ஆபீஸ்ல நோட்டீஸ் ஒட்டிருக்கு. திங்கக்கெழம அளந்து வேலி போட வாராக. எங்க வீட்ல இப்பவே சொல்லிட்டாக, ஆடுனது போதும்னு.”

“நோட்டீஸ போட்டோ எடுத்து அனுப்பு.”

வந்தது. சர்வே எண் 147/2, காலி இடம், கிடங்குக்கு ஒதுக்கப்படுகிறது. ஸ்டான்லி தன் கைபேசியை அதன் பக்கத்தில் வைத்தான். இணையதளத்தில் இருந்த திடலுக்கும் அதே 147/2.

அறிவுச்செல்விக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை எரிந்தது. நடந்தது என்ன என்று கண்ணால் பார்த்தது போல் தெரிந்தது. மார்ச் முடிவதற்குள் கணக்குக் காட்ட வேண்டிய எவனோ ஒருவன், ஊரில் பிள்ளைகள் ஆடுகிற இடத்தின் எண்ணைத் தேடிப் பிடித்துத் திடல் என்று ஏற்றிவிட்டான். இன்னொரு துறைக்காரன் தன் கணினியில் அதையே காலி இடம் என்று பார்த்து விற்காத குறையாகத் தூக்கிக் கொடுத்துவிட்டான். இரண்டு பேரில் ஒருவன்கூட ஆவாரங்களத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பன்னிரண்டு பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவது தெரிந்திருக்கும்.

அவையில் பத்து மணிக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். முன்வரிசையிலிருந்து முத்துக்கிருஷ்ணன் திரும்பிப் பார்த்து, கண்ணாலேயே வாசலைக் காட்டினார். அவள் எழுந்து நின்று கேள்வி எண்ணைச் சொன்னாள்.

அமைச்சர் பதில் வாசித்தார். திடல் அமைக்கப்பட்டுச் செயல்பட்டு வருகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் மட்டும் இதுபோல் நாற்பது திடல்கள். ஆளுங்கட்சி வரிசை மேசையைத் தட்டியது.

துணைக்கேள்வி கேட்க எழுந்தால், முதலில் கட்சித் தலைவரை நாலு வரியாவது புகழ்ந்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவது அந்தப் பக்க வழக்கம். சூரியன், சந்திரன் எல்லாம் வந்து போன பிறகு கால்வாய் தூர்வாருவது வரும். அறிவுச்செல்வியும் நாலு வருடமாகப் புகழ்ந்தவள்தான். அன்றைக்கு ஒரு வரி கிடையாது.

“அமைச்சர் சொன்ன திடல் எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது?”

தட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. அமைச்சர் கோப்பைப் புரட்டினார். “நூற்று நாற்பத்தேழு பார் இரண்டு,” என்றார்.

“அதே நூற்று நாற்பத்தேழு பார் இரண்டை, காலி இடம் என்று சொல்லி, ஒரு கிடங்குக்கு அரசு ஒதுக்கியிருக்கிறது. திங்கட்கிழமை வேலி போட வருகிறார்கள். அமைச்சர் சொன்னது உண்மையா, நோட்டீஸ் சொல்வது உண்மையா?”

எதிர்க்கட்சி வரிசையில் சிரிப்பு வெடித்தது. அமைச்சர் அதிகாரிகள் உட்காரும் பக்கம் பார்த்தார். அங்கிருந்து ஒரு துண்டுச்சீட்டு கிளம்பியது. சபாநாயகர், “உறுப்பினர் அமரலாம், விவரம் பெற்றுத் தருவார்கள்,” என்றார்.

அவள் உட்காரவில்லை. பொய் என்ற சொல் தொண்டை வரை வந்தது. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், அவைக் குறிப்பிலிருந்து நீக்குகிறேன் என்று சொல்லி அவள் பேசியதையும் சேர்த்து நீக்கிவிடுவார்கள். விழுங்கிக்கொண்டாள். விழுங்கியது கசந்தது.

“விவரம் என்னிடமே இருக்கிறது. அங்கே திடல் கட்டப்படவில்லை. ஒரு செங்கல்கூட…”

ஒலிவாங்கி அணைந்தது. அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் பதினாறு வருடம் ஏலம் கூறியவள் அவள். முகூர்த்த நாள் நெரிசலில் கடைசி ஆள் வரைக்கும் மல்லிகை விலையைக் கேட்கவைத்த தொண்டை அது. அவை நடுவில் உட்கார்ந்திருந்த சுருக்கெழுத்துக்காரர்கள், ஒலிவாங்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காதில் விழுவதை எழுதுகிறவர்கள். அவள் அவர்களைப் பார்த்தே பேசினாள்.

“ஒரு செங்கலக்கூட யாரும் வைக்கல. முள்ள வெட்டுனது பொம்பளப் பிள்ளைக. மண்ணக் கொத்துனதும் அதுகதான். நீங்க இருக்குன்னு சொன்ன திடல் அம்புட்டும் அதுக கையால ஆனது. அது திடல்தான்னா, கிடங்குக்குக் குடுத்தது ரத்துன்னு இங்கனயே சொல்லுங்க. திடல் இல்லைன்னா, இப்பச் சொன்ன பதிலத் திரும்ப வாங்குங்க. ரெண்டுல ஒண்ணச் சொல்றவரைக்கும் நான் ஒக்கார மாட்டேன்.”

சபாநாயகர் மூன்று முறை மணி அடித்தார். அவள் நின்றாள். துண்டுச்சீட்டு வந்தது, போனது, இன்னொன்று வந்தது. அவைக்குத் தவறான பதில் கொடுத்தேன் என்று எந்த அமைச்சர் ஒப்புக்கொள்வார்? அவர் எழுந்தார்.

“அது விளையாட்டுத் திடல்தான். அந்த நிலம் வேறு எதற்கும் வழங்கப்படாது. ஒதுக்கீடு இன்றே ரத்து செய்யப்படும் என்று உறுதியளிக்கிறேன்.”

அவையில் கொடுத்த உறுதிமொழி என்றால் அதைத் துரத்திப் பிடிக்கத் தனியாக ஒரு குழுவே உண்டு. அவள் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது. பன்னிரண்டு பேருக்கும் ஆட இடம் இருக்கிறது என்ற சந்தோஷத்துக்கு மேலாக, இல்லாததை இருக்கிறது என்று இத்தனை பேர் மேசை தட்டினார்களே என்ற ஆத்திரம்தான் நெஞ்சில் நின்றது.

வெளியே வராந்தாவில் முத்துக்கிருஷ்ணன் காத்திருந்தார்.

“பட்டியல்ல இருந்து ஒன் பேர எடுத்தாச்சு தங்கச்சி. இப்பத்தான் போன் வந்துச்சு. ஒரு புழுதிக்காட்டுக்காகத் தலையில மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டியே.”

வலித்தது. வலிக்கவில்லை என்று அவள் நடிக்கவில்லை. தேர்தலில் நிற்பதற்காகப் பூக்கடையை மூடிவிட்டு வந்தவள், திரும்பிப் போக அந்தக் கடையும் இல்லை.

“எட்டு மாசம் இருக்குல்லண்ணே?” என்றாள்.

“என்னத்துக்கு?”

“அதுவரைக்கும் நாந்தான உறுப்பினர்? பேர எடுக்கலாம், கேள்விய எடுக்க முடியாதுல்ல.”

அவர் பதில் சொல்வதற்குள் அவள் வராந்தாவின் கோடிக்கு நடந்துவிட்டாள். அங்கேதான் கேள்விகள் வாங்குகிற பிரிவு. பாஸிலா என்கிற எழுத்தர் அம்மா அவளைப் பார்த்ததும் வழக்கம்போல் ஒரு படிவத்தை உருவி நீட்டினார்.

“ஒண்ணு பத்தாதும்மா,” என்றாள் அறிவுச்செல்வி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி. “எங்க மாவட்டத்துல இன்னும் முப்பத்தொம்பது திடல் இருக்காம். முப்பத்தொம்பது குடுங்க.”