சபாபதியின் ஏழாவது பாட்டு

சபாபதி இறந்து ஏழு வருடம் கழித்து, 1976 மாசியில், மதராஸ் இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றிலிருந்து அவன் மனைவி ஏலவார்குழலிக்குக் கடிதம் வந்தது. எலெக்ட்ரிக் கிடாரோடு தமிழில் சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடிய முதல் சிலரில் சபாபதி ஒருவன், பதிவு ஏதாவது இருந்தால் வெளியிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

பதிவு ஒன்றுதான் இருந்தது. அது ரேடியோ மெக்கானிக் துரைக்கண்ணுவின் பீரோவில் கிடந்தது.

அவனும் சபாபதியும் சிநேகிதர்கள். தறியில் உட்கார்ந்தபடியே சபாபதி மெட்டுக் கட்டுவான். சாயங்காலம் துரைக்கண்ணுவின் கடையில் அதைக் கிடாரில் வாசித்துப் பார்ப்பான். ஆம்ப்ளிஃபயர் துரைக்கண்ணு கையால் செய்தது. செவிலிமேட்டுக் கல்யாண வரவேற்பு ஒன்றில், ஏழாவது பாட்டின் நடுவே, ஈரமேடையில் வெறுங்காலோடு நின்ற சபாபதி கிடாரோடு சாய்ந்தான். மின்சாரம் அடித்துவிட்டது.

மணமேடையில் செருப்பு வேண்டாமென்று கழற்றச் சொன்னவள் குழலி. "எம்புள்ளய வெறுங்காலோட ஏத்தி உட்டுட்டாளே!" என்று அன்று அலறிய மாமியார் காமாட்சியம்மாள், அதன்பின் அவளோடு பேசவில்லை. குழலியும் தன்னால்தான் என்றே நம்பியிருந்தாள்.

கடிதத்தைப் பற்றிக் குழலி சொல்லி அனுப்பியதும் துரைக்கண்ணு அந்த வரவேற்பில் தான் பதிந்த டேப்பை ஓடவிட்டுக் கேட்டான். ஆறு பாட்டு முடிந்ததும் சபாபதியின் பேச்சுக் குரல்.

"தொரை, மைக்குல ஒதடு பட்டா சுரீர்னு அடிக்குதுபா."

"ஒண்ணும் ஆவாது. நீ பாடுபா." அது துரைக்கண்ணுவின் குரல்.

அந்தப் பேச்சு மொத்தம் இரண்டு முழம் டேப். வெட்டி ஒட்டினால் யாருக்கும் தெரியாது. பிளேடை எடுத்தான். டேப்பை இழுத்துப் பிடித்தபோது வாசலில் குழலியின் நிழல் விழுந்தது.

"டேப்பு நல்லா இருக்குதாண்ணே?"

பிளேடை உள்ளங்கையில் மறைத்தான். "இருக்குதுமா. நாளைக்குக் கொண்டாறேன்."

"இப்பவே போடுங்க. அந்தக் கொரலக் கேட்டு ஏழு வருஷமாச்சு."

போட்டான். குழலி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கேட்டாள். ஆறாவது பாட்டு முடியப்போகும்போது அவன் விரல் நிறுத்தும் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தினால் போதும். அழுத்தவில்லை. அந்தப் பேச்சும் ஓடியது.

ஏழாவது பாட்டு பாதியில் அறுந்து கூட்டத்தின் கூச்சல் எழுந்தபோது துரைக்கண்ணு டேப்பை நிறுத்தினான்.

"ஆம்ப்ளிஃபயரோட எர்த் ஒயர நான்தாமா கழட்டி உட்டேன்" என்றான். "இரைச்சல் கேக்குதுன்னு. அவனுக்குத் தெரியாது."

"அப்ப செருப்பு?"

"ஒயரு இருந்திருந்தா, வெறுங்காலோட நின்னாலும் உசுரு போயிருக்காதுமா."

அவள் கத்துவாள் என்று நினைத்தான். அவள் எழுந்து நின்றாள்.

"கெளம்புங்க. இத எங்க அத்தைகிட்ட வந்து சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

சொன்னான். தலை குனிந்தபடி, ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். காமாட்சியம்மாள், "என் கண்ணு முன்னால நிக்காத, போடா" என்றாள். அவன் படியிறங்கினான். அவள் மருமகள் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, நான் போட்ட பழிக்கு ஏழு வருஷமா நீயும் வாயத் தெறக்கலியே."

குழலி அப்போதுதான் அழுதாள்.

ஆவணியில் இசைத்தட்டு வந்தது. ஆறு பாட்டுகள், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று மூன்று இடத்திலும் சபாபதியின் பெயர். தை முகூர்த்தங்களில் புதுப் பையன்கள் அவற்றை மேடைகளில் பாடத் தொடங்கினார்கள். துரைக்கண்ணுவைத் தெருவில் பார்த்தால் குழலி நின்று தலையசைப்பாள். பேச்சு மட்டும் இல்லை.