ஆமையோட்டுப் பெட்டி

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். இருளம்மாள் வீட்டில் அமீனா புகவில்லை. ஆமை புகுந்து வருசம் ரெண்டாகிறது. பாவி மகளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தோடு இத்தாலியிலிருந்து திரும்பிய புருசன் வீரணன் கொண்டுவந்த பெட்டி அது. உள்ளங்கை அகலம், தேன் நிறம், மூடியெல்லாம் தங்கத்தில் கொடியும் குருவியும் பதித்திருக்கும். மாட்டுக்கொம்பு என்றுதான் நினைத்திருந்தாள். "குண்டு விழுந்த வீட்டுல கெடந்துச்சு, ஆளே இல்ல" என்று அவன் சொன்னதையும் அப்படியே நம்பியிருந்தாள். மூடிதான் இறுகிப்போய்த் திறக்கவே இல்லை. மகனுடைய வெள்ளிக் கொலுசைப் போட்டுவைக்க ஆகுமே என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசாரியிடம் கொண்டுபோனாள்.

ஆசாரி நெம்பித் திறந்தார். "தங்கம் அசல்தாம்மா. ஓடு, ஆமையோடு" என்றவர், உள்ளே பார்த்ததும் பெட்டியைச் சட்டென்று கீழே வைத்துவிட்டார். நீல நாடாவில் கட்டிய ஒரு கொத்துத் தலைமுடி. வெளுத்த மஞ்சள் நிறம், பூனைக்குட்டி மயிர்போல மெல்லிசு.

ராஜபாளையம் பஸ்ஸில் வரும்போது பெட்டியை மடியில் வைக்காமல் காலடியில் வைத்துக்கொண்டாள். முடியைக் கட்டிவைத்தால் செய்வினை என்று யாருக்குத்தான் தெரியாது? மகனுக்கு இருமல் விட்டபாடில்லையே, இதுதானா? குலசாமிக்கு இறக்க வேண்டிய முடி இன்னும் அவன் தலையில் இருக்கிறது. அதற்குள் பிள்ளையை வாரிக்கொண்டு போய்விடுமோ? வழியிலிருந்த சாமியை எல்லாம் துணைக்குக் கூப்பிட்டாள்.

வீட்டில் வீரணன் மகனை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான்.

"இது செய்வினைங்க. கொண்டுபோய் எரிச்சிருங்க" என்று பெட்டியை நீட்டினாள்.

அவன் உள்ளே பார்த்தான். சிரிக்கப் பார்த்தான். "போடி, கிறுக்கி. வெள்ளக்காரவுக புள்ளைக்கு மொதமொத வெட்டுன முடிய இப்பிடி எடுத்து வச்சுக்கிடுவாக. ஒரு ஆசைக்குத்தான்."

போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே உட்கார்ந்தாள். செத்த நேரம் கழித்துத்தான் உறைத்தது.

"ஒங்களுக்கு ஆரு சொன்னா?"

"அவதான். தலையத் தொட்டுக் காட்டி, கையில புள்ளைய ஆட்டுற மாதிரி..." அதோடு நிறுத்திக்கொண்டான்.

"ஆளே இல்லாத வீடுன்னீங்களே?"

மகன் இருமினான்.

"அவ புள்ள எங்க?"

"இடிஞ்ச சொவத்துக்கு அடியில. நாங்க போகும்போதே உசுரு இல்ல." மகன் நெஞ்சைத் தடவிவிட்டான். "நான் பிடுங்கவும், பெட்டிய வச்சுக்க, முடிய மட்டும் குடுன்னு கையக் கையக் காட்டுனா. மூடி தெறக்கல. லாரி கெளம்பிருச்சு."

இருளம்மாளுக்கு ஆமையும் மறந்தது, செய்வினையும் மறந்தது. எழுந்துபோய் இரண்டு கையையும் நீட்டினாள்.

"புள்ளைய எங்கிட்ட குடுங்க."

அவன் உடனே கொடுக்கவில்லை. கட்டிய நாளிலிருந்து இல்லாத விதமாக, இருளம்மாள் தன் புருசனைப் பார்த்துப் பயந்தாள்.