பதினோரு ஜெப நோட்டுகள்

அந்த இறையியல் கல்லூரியில் ஆன்மீக உருவாக்கத்துக்கும் மாணவர் நலனுக்கும் தலைவியாக இருந்த அம்மாளுக்கு மாணவர்களைக் கண்டாலே இளக்காரம். முப்பது வருஷம் கிரேக்க இலக்கணம் நடத்தியவள். இந்தப் பதவியை அவள் கேட்டு வாங்கவில்லை. முன்பிருந்தவர் ஓய்வு பெற்றதும் முதல்வர் அவளை அறைக்கு அழைத்து, கண்ணை மூடி ஐந்து நிமிஷம் ஜெபித்துவிட்டு, ஆண்டவர் உங்கள் பெயரைத்தான் காட்டினார் என்று தலையில் கட்டிவிட்டார். அதற்கு முந்தின நாள்தான் வேறு இரண்டு பேர் அதே பதவியை வேண்டாமென்று கும்பிடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆண்டவர் ஒரு நாள் தாமதமாகக் காட்டியிருக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள்.

மாணவர்கள் அவளை நேரில் டீனம்மா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சிவப்பு மை.

ஜெப நோட்டு அவள் கொண்டுவந்த ஏற்பாடு. ஒவ்வொரு மாணவனும் தினம் அரைப்பக்கம் தன் ஜெபத்தை எழுதித் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். இருபது மதிப்பெண். எண்பது நோட்டுகள் மேஜையில் வந்து குவியும். அவற்றைப் படிக்கும்போது அவளுக்கு வாயில் வேப்பங்காய் வைத்தது போலிருக்கும். 'கிருபையும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே' என்று ஆரம்பித்து அரைப்பக்கமும் வழவழா கொழகொழா. நாளைக்குப் பிரசங்க மேடையில் நின்று ஊருக்கே வழிகாட்டப் போகிற மகான்கள் இவர்கள்!

ஆனால் ஒரு பத்துப் பன்னிரண்டு நோட்டுகள் வேறு மாதிரி இருந்தன. அப்பா தன்னோடு பேசுவதை நிறுத்திய நாளை ஒருவன் எழுதியிருந்தான். தம்பி தன்னைவிட நன்றாகப் பாடுகிறான் என்ற பொறாமையை இன்னொருவன். அதிலும் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன், எந்த ஜெபக்கூட்டம் என்றாலும் முதலில் மூக்கை உறிஞ்சுகிறவன், அதனால் தேம்பல் என்று பெயரெடுத்தவன், இறந்துபோன அக்காவைப் பற்றி எழுதிய பக்கத்தைச் சிற்றாலயத்தில் அவளே வாசித்துக் காட்டினாள். வாசிக்கையில் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது போல் பாவனை செய்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன்னுடைய ஏற்பாடு பலன் தருகிறது என்று உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தும் போனாள்.

குட்டு உடைந்தது ஒரு மழை நாள் பிற்பகலில். வகுப்புகள் இல்லை. வழக்கமாக நாளுக்குப் பத்துப் பதினைந்தாகத் திருத்துகிறவள் அன்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திருத்த உட்கார்ந்தாள். தேம்பல் 'மண்ணிப்பு' என்று எழுதியிருந்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ண எது, ன எது என்று எங்கே தெரிகிறது என்று உச்சுக்கொட்டிச் சிவப்பு மையால் சுழித்தாள். அடுத்த நோட்டிலும் மண்ணிப்பு. அதற்கடுத்ததிலும். ஒன்றரை வருஷமாக இப்படித்தான் சுழித்துக்கொண்டு வந்திருக்கிறாள். இப்போதுதான் கை நின்றது. இதே பையன்கள் தேர்வுத் தாள்களில் 'மன்னா' என்பதையும் 'மன்னன்' என்பதையும் தப்பில்லாமல் எழுதியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தாள். பதினோரு நோட்டுகள், பதினோரு கையெழுத்துகள், ஒரே பிழை.

தேம்பலைக் கூப்பிட்டு அனுப்பினாள். மிரட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. பேந்தப் பேந்த விழித்தவன் இரண்டாவது கேள்வியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். எழுதித் தந்தது கண்டக்டர் அண்ணன். அவர்கள் அதைப் பார்த்து எழுதியது மட்டுந்தான்.

கண்டக்டர் என்பது இறுதியாண்டு மாணவர். பதினைந்து வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டு நாற்பது வயதில் ஊழியத்துக்கு வந்தவர். எண்பது நோட்டுகளில் எப்போதும் காலியாக வருவது அவருடையது ஒன்றுதான். ஒவ்வொரு வாரமும் அவள் அதில் முட்டை போட்டு, 'ஆன்மீக வறட்சி' என்று சிவப்பில் எழுதித் திருப்பி அனுப்புவாள்.

அவர் வந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை.

"இந்தப் பதினோரு நோட்டும் நீங்க எழுதினதுதானா?"

"ஆமா மேடம்."

"வெக்கமா இல்ல?"

"அவங்க சொன்னதத்தான் எழுதினேன் மேடம். நானா ஒரு வரி சேக்கல."

சாயங்காலம் அவர் அறையில் சட்டைகளை இஸ்திரி போடும்போது பையன்கள் வந்து கட்டிலில் உட்காருவார்களாம். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத் தானாகவே பேச ஆரம்பிப்பார்களாம். பேனாவை எடுத்தால் மட்டும் அவர்களுக்குக் கிருபையும் இரக்கமுந்தான் வருகிறது, அதனால் எழுதிக் கொடுத்தேன் என்றார். இதற்காக அவர் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை என்பது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வாங்கியிருந்தால் ஒரு வார்த்தையில் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"ஊர் பூரா ஜெபம் எழுதிக் குடுக்கறீங்க. உங்க நோட்டு மட்டும் ஏன் காலி?"

"நீங்க படிப்பீங்கன்னு தெரிஞ்சும் ஆண்டவர்கிட்ட எப்படி மேடம் மனசுவிட்டுப் பேசறது?"

கேலியாகச் சொல்லியிருந்தால் பதிலடி கொடுத்திருப்பாள். மனுஷர் நிஜமாகவே கேட்டார். போகலாம் என்று கையைக் காட்டினாள்.

கோபம் ஆறுவதற்குள் நோட்டுகளை அள்ளிக்கொண்டு முதல்வரிடம் போனாள். தேநீர் கேட்டால்கூடப் பிரசங்கக் குரலில் கேட்கிறவர் அவர். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியிலேயே நிமிர்ந்தார். பரிசுத்தமான வளாகம் என்றார். பலிபீடத்தின்மேல் அந்நிய அக்கினி என்றார். நாளைக் காலையே அந்தக் கண்டக்டர் பெட்டியைக் கட்ட வேண்டும் என்றார். சொல்லி முடித்த சூட்டோடு மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பட்டமளிப்பு விழாவுக்கு ஜெபம். ராத்திரியெல்லாம் முழங்கால்ல நின்னு எழுதினேன். ஒரு பார்வை பாத்துடுங்க."

அவருடைய சொந்தக் கையெழுத்து. நல்ல ஜெபம். மூன்றாவது வரியில் 'எங்கள் மண்ணிப்பின் தேவனே' என்றிருந்தது.

அவள் பேனாவை எடுத்து அந்தச் சொல்லை மட்டும் வட்டமிட்டு, தாளைப் பதினோரு நோட்டுகளுக்கு மேல் வைத்தாள்.

"இது பன்னெண்டாவது" என்றாள்.

முதல்வர் முகத்தில் ஈயாடவில்லை. தட்டச்சுப் பிழை என்று ஆரம்பித்தார். தாள் கையால் எழுதியது என்பது அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. பிறகு குரல் தேனாய் ஒழுகியது. வாலிபர்களை நாம் அன்போடு தாங்க வேண்டும், இதைக் கல்லூரி ஒழுங்குக் குழுவுக்குக் கொண்டுபோக வேண்டாம், உங்களுக்கும் நல்லதில்லை, ஒன்றரை வருஷமாக நீங்கள்தானே படித்து மதிப்பெண் போட்டீர்கள்.

பச்சோந்தி என்று அவள் மனசுக்குள் வைதாள். ஆனால் கடைசியாகச் சொன்னது உண்மை. ஒரே பிழையை வாரத்துக்குப் பதினோரு தரம் சுழித்தவளுக்கு, அது ஒரே ஆளின் பிழை என்று தெரியவில்லை. முட்டாள்களிடம் வேறெதை எதிர்பார்ப்பது என்ற நினைப்பு கண்ணை மறைத்திருந்தது. குழு முன்னால் நின்று அதைச் சொல்ல அவளுக்குத் துணிவில்லை. நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டாள். அன்று முழுக்க முதல்வர்மீது இருந்த அருவருப்பில் பாதி தன்மீதும் இருந்தது.

மறுவாரம் அவள் ஜெப நோட்டை நிறுத்தினாள். முதல்வர் சிற்றாலயத்தில் எழுந்து, எழுத்து கொல்லும் என்ற வேத வசனத்தை ஆண்டவர் தமக்கு உணர்த்தியதாக அறிவித்தார். பதினோரு பேரும் ஒரு விண்ணப்பத்தோடு வந்து நின்றார்கள். நோட்டு நின்றால் தங்கள் ஆன்மீக வாழ்வு பாதிக்கப்படுமாம். அதை மட்டும் சொந்தமாக எழுதியிருந்தார்கள். வரிக்கு இரண்டு பிழை. வந்த வழியே துரத்திவிட்டாள். கண்டக்டரின் முட்டைகளை அடித்துவிட்டுத் தேர்ச்சி என்று போட்டாள். அவர் பட்டம் வாங்கி, ஒரு சின்ன சபைக்கு உதவி ஊழியராகப் போய்ச் சேர்ந்தார். போகும்போது வந்து சொல்லிவிட்டுத்தான் போனார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை தேம்பல் அவள் அறைக் கதவைத் தட்டினான். முகம் வீங்கியிருந்தது.

"வீட்ல ஒரு பிரச்சின மேடம்..."

உட்காரச் சொன்னாள். மாணவர் நலன் என்பதும் தன் பதவிப் பெயரில்தான் இருக்கிறது என்று ஞாபகம் வந்து, பேனாவைக் கீழே வைத்தாள். அவன் சொல்லத் தொடங்கினான். சுற்றி வளைத்தான், மூக்கை உறிஞ்சினான், திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தான். அவள் பொறுத்துப் பார்த்தாள். மூன்று நிமிஷம் தாங்கவில்லை.

"விஷயத்துக்கு வா" என்றாள்.

அவன் நிறுத்திக்கொண்டான். பையிலிருந்து விடுப்புக் கடிதத்தை எடுத்து வைத்தான். "ஒண்ணுமில்ல மேடம். ரெண்டு நாள் லீவு வேணும். கண்டக்டர் அண்ணனப் போய்ப் பாத்துட்டு வரேன்."

தான் ஒரு கேள்விகூட உருப்படியாகக் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. இப்போது கேட்டால் அவன் சொல்லப்போவதில்லை என்பதும் தெரிந்தது. கடிதத்தில் இரண்டு என்றிருந்ததை அடித்து மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"மூணு நாளா எடுத்துக்கோ. மொதல்ல மூக்கத் தொடச்சுக்கோ."