லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

லேப்டாப் வாங்கிய அன்று நான் ஏதாவது சொன்னேனா, சொல்லவில்லையா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. மற்றதெல்லாம் நினைவிருக்கிறது. கடை மேலாளர் டில்லிபாபுவின் சட்டை நிறம், அவன் மேசையில் பேனா கிடந்த பக்கம், எல்லாம். அந்த ஒரு வரி மட்டும் விடுபட்டிருக்கிறது. மெய்ப்புத் திருத்துவது என் தொழில். விடுபட்ட வரியை என்னால் தாண்டிப் போக முடிவதில்லை.

தை மாதம் தி. நகரில் ஒரு மூன்று மாடிக் கடையில் லேப்டாப் வாங்கினேன். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பில் போட்டதும் பொருளைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம், குங்குமம் இடுவார்கள். வாங்கியவரை அதோடு நிற்க வைத்துப் படம் எடுத்து முகநூலில் போடுவார்கள். என்னுடையதற்குப் பொட்டு வைத்தது மேகலா என்கிற விற்பனைப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கலாம்.

வைகாசியில் லேப்டாப் செத்துப்போனது. ஒரு வருட வாரண்டி இருந்ததால் கவலைப்படாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து நாள் கழித்து மேலாளர் டில்லிபாபு ஒரு காகிதத்தை நீட்டினான். விசைப்பலகைக்கு அடியில் ஈரம் இறங்கி மதர்போர்டு அரித்துவிட்டதாம். ஈரத்தால் வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாதாம்.

"நான் அது பக்கத்துல தண்ணிகூட வெச்சுக்கறதில்லையே" என்றேன்.

"நீங்க வெக்கல சார். வூட்ல யாராச்சும் காப்பிய ஊத்திட்டு, தொடச்சி வெச்சிருப்பாங்க. உங்களாண்ட சொல்லுவாங்களா?" சுற்றி நின்ற கடைப் பையன்களைப் பார்த்துக் கண்ணடித்தான். "மொதல்ல வூட்டம்மாவ விசாரிங்க. அப்பால இங்க வாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மேகலா சிரித்தாளா என்று பார்த்தேன். அவள் யாருக்கோ பை மடித்துக்கொண்டிருந்தாள்.

அபிராமபுரம் வீட்டுக்கு வந்து, அவன் சொன்னபடியே, என் மனைவி ஜானுவைக் கேட்டேன். அவன் எனக்குச் செய்த கேடு அதுதான். வாரண்டியை மறுத்ததைக்கூட விட்டுவிடலாம். அந்தக் கேள்வியை என் வாயால் கேட்க வைத்தானே.

ஜானு மாவுக் கையோடு திரும்பினாள். "முப்பது வருஷத்துல என்னை இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை நீங்க. எவனோ கடைக்காரன் சொன்னான்னு ஆத்துக்கு வந்து கேக்கறேளா?"

அதன்பின் இரண்டு வாரம் வீட்டில் பேச்சில்லை. எனக்கு மௌனம் பழக்கம். ஒரு புத்தகம் போதும். ஜானுவுக்குப் பழக்கமில்லை. சமைக்கும்போது எப்போதும் எதையாவது பாடிக்கொண்டிருப்பாள். அது நின்றுபோனது. தினமும் பூங்காவில் போய் உட்கார்ந்து, புத்தகத்தின் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, டில்லிபாபுவை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு லேப்டாப் திரும்ப வேண்டும் என்பது இரண்டாம்பட்சமாகிவிட்டது. சிரித்தவர்கள் எல்லோருக்கும் முன்னால், 'தப்பு எங்களுது' என்று அவன் வாயால் சொல்ல வேண்டும்.

வழி கொடுத்தவள் ஜானுதான். மேசையில் கிடந்த அந்தக் காகிதத்தை ஒருநாள் எடுத்துப் பார்த்தாள். பிரித்த லேப்டாப்பின் படம் அதில் இருந்தது.

"காப்பி இப்படியா மஞ்சளா அடையும்? ஓரத்துல செவப்பு வேற. ஏன்னா, இது சந்தனம். குங்குமமும் இருக்கு, பாருங்கோ."

அவள் கைப்பேசியிலேயே கடையின் முகநூல் பக்கத்தைத் திறந்தேன். தை மாதப் படங்களுக்கு நடுவே நான் இருந்தேன். திறந்த லேப்டாப்பை ஏந்திக்கொண்டு சிரிக்கிறேன். பவர் பொத்தானை ஒட்டி, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஈரச் சந்தனம். மேகலாவின் விரல் இன்னும் படத்தைவிட்டு விலகவில்லை.

உடனே போகவில்லை. ஆடி முதல் ஞாயிறு வரை காத்திருந்தேன். காத்திருந்ததில் ஒரு சுகம் இருந்தது. கோயில் குளத்தருகே ஜெராக்ஸ் கடையில் இரண்டு படங்களையும் பெரிதாக அச்சிட்டு ஒரே அட்டையில் ஒட்டினேன். இடப்பக்கம் பொட்டு, வலப்பக்கம் அரிப்பு. ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

ஆடித் தள்ளுபடிக்குக் கடை நிரம்பி வழிந்தது. பொட்டு வைக்கும் இடத்துக்கு எதிரே இருந்த சோபாவில் உட்கார்ந்து, அட்டையை முழங்கால்மேல் சாய்த்து வைத்துப் புத்தகத்தைப் பிரித்தேன்.

முதலில் ஒரு பெண்மணி குனிந்து பார்த்தார். "இன்னா சார் இது?" அட்டையை அவர் பக்கம் சற்றே திருப்பினேன். அவரே இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கடைப் பையனுக்குக் குரல் கொடுத்தார். "நைனா, எங்களுதுக்குப் பொட்டுலாம் வோணாம். அப்டியே குடு."

"பொட்டு வெச்சா வாரண்டி பூடுமாம்மே" என்றார் அவர் கணவர். "அடுத்த கடையாண்ட போலாம், வா."

அரை மணி நேரத்தில் என்னைச் சுற்றிக் கூட்டம். டில்லிபாபு ஓடிவந்தான். "சார், ஆடி யாவாரத்துல இன்னா சார் இது? உள்ள வாங்க, பேசிக்கலாம்."

பக்கத்தைப் புரட்டினேன்.

அட்டையைப் பார்த்தான். முகம் மாறியது. "ஏய் மேகலா! இங்க வா. டப்பா மேல வெக்கறதுதானே நம்ம வழக்கம்? மிஷின் உள்ள வெக்கச் சொல்லி உனக்கு யார் சொன்னது?"

மேகலா அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இவருதான் சார் சொன்னாரு. டப்பா குப்பைக்குத்தான் போவும், மிஷினுக்கே வைம்மான்னாரு. மூடி மேல வெக்கப் போனேன். தெறந்து, எழுத்து வர்ற எடத்துல வைன்னாரு. சொன்னீங்கதானே சார்? சொல்லுங்க சார்."

எழுத்து வருகிற இடத்தில். நான் சொல்லக்கூடிய பேச்சுதான். அவளாக இட்டுக்கட்டக்கூடிய பேச்சாகத் தெரியவில்லை. ஆனாலும் அதை நான் சொன்னதாக எனக்கு நினைவு வரவில்லை. அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'நினைவில்லை' என்று சொல்லியிருக்கலாம். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ மௌனங்களில் இருந்தவன் நான். அவ்வளவு நீளமான ஒன்றில் இருந்ததில்லை.

"பெரிய மனுசன் இன்னாத்துக்கும்மா பொய் சொல்லப் போறாரு?" என்றான் டில்லிபாபு. நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

பிறகு கூட்டத்தைப் பார்த்தான், கைகூப்பினான். "தப்பு எங்களுதுதான் சார். வேற புது மிஷினே தர்றோம்."

அன்று நான் முதல்முறையாக வாய் திறந்தேன். "வீட்டம்மாவைப் பத்திச் சொன்னது?"

"அதுவும் தப்புதான் சார். அவங்களாண்டயும் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க."

கடைப் பையன்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனித்தது. பஸ்ஸில் வீடு வரும்வரை இனித்துக்கொண்டே இருந்தது. மேகலா எங்கே நின்றாள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

டில்லிபாபு இப்போது அதே கடையின் வேளச்சேரிக் கிளையில் மேலாளர். தி. நகர்க் கடையில் சந்தனத்தை நிறுத்திவிட்டார்கள். டப்பாவின்மேல் குங்குமம் மட்டும். மேகலாவை அன்று மாலையே வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். சைதாப்பேட்டையில் செல்போன் உறை விற்கும் ஒரு சிறு கடையில் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. ஜானு மறுபடி பாடுகிறாள். மேகலா சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. புது லேப்டாப் நன்றாக வேலை செய்கிறது. இதை அதில்தான் எழுதினேன்.